குறையைச் சொன்னவரிடம் வாங்கிய கார்

கடைக்கு ஒரு கட்டுத் துணி வந்தால் என் நண்பர் அதை விரலால் தடவிப் பார்ப்பார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். ஓரத்தில் ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டி மணந்தும் பார்ப்பார். நூறு ரூபாய்ச் சாமானில் ஐந்து ரூபாய் ஏமாந்தாலும் அன்றிரவு அவருக்குத் தூக்கம் வராது. அப்படிப்பட்டவர் 28 இலட்சம் ரூபாய் காரொன்றைப் பத்து நிமிடத்தில் வாங்கத் தயாராகி நின்றதை நான் கண்ணால் கண்டேன்.

வியாபார நண்பர்கள் பலருக்கும் இது பொதுவான பலவீனம். நமது துறைக்குள் நாம் கெட்டிக்காரர்கள். துறையை விட்டு வெளியே வந்ததும், நமது கடைக்கு வரும் விவரமறியாத வாடிக்கையாளரைப் போலவே ஆகிவிடுகிறோம். வாகன விடயத்தில் இது இன்னும் மோசம்.

நண்பருக்கு அக்குறணையில் புடவைக் கடை. 2019 ஆம் ஆண்டு கடையைப் பெருப்பிப்பதற்காகத் தன்னிடமிருந்த வேனை விற்றார். ஒரு வருடத்தில் வேறொன்று எடுத்துவிடலாம் என்பது அவர் கணக்கு. 2020 மார்ச்சில் கொரோனாவோடு வாகன இறக்குமதியும் நின்றது. அதன்பின் 2022 இல் ரூபாயின் பெறுமதி விழுந்தது. புதிய வாகனம் நாட்டுக்குள் வராது, இருக்கும் வாகனத்துக்கோ நாளுக்கு நாள் விலை ஏறும் என்ற நிலையில், ஒரு காலத்தில் யாரும் திரும்பிப் பாராத கார்களுக்கெல்லாம் ‘மார்க்கட்’ வந்துவிட்டது. தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டது 2025 பெப்ரவரி முதலாம் திகதிதான். நான் சொல்லும் கதை அதற்கு ஒரு வருடத்துக்கு முன்னர், 2024 ஜனவரியில் நடந்தது.

அவரது தகப்பனாரை வாரத்தில் இரண்டு நாள் கண்டி வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. முச்சக்கர வண்டிக் கூலியே மாதத்தில் பெருந்தொகையாகிவிட்டது. அத்தோடு, வயதான மனிதரை மழையிலும் வெயிலிலும் ஏற்றி இறக்குவது பிள்ளைகளுக்கு மனக்கஷ்டம். கையில் இருந்தது 33 இலட்சம். அதில் 8 இலட்சம் நோன்புப் பெருநாள் சாமானுக்கானது. கொழும்பு மெயின் வீதி மொத்த வியாபாரிகளுக்குத் திகதியிட்ட காசோலைகள் ஏற்கனவே கொடுத்தாகிவிட்டது. அவ்வருடம் ஜனவரி முதலாம் திகதியிலிருந்து வற் வரி 18 சதவீதமாகியிருந்ததால் சாமான் விலையும் கூடியிருந்தது. ஆகவே காருக்கு 25 இலட்சம். ஒரு சதமும் கூடாது. இதைத் தொலைபேசியில் மூன்று முறை சொன்னார்.

“நீ பஞ்சிகாவத்தையில நின்டவன்தானே மச்சான். சனி, ஞாயிறு ரெண்டு நாளும் என்னோட வா” என்றார்.

பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடையொன்றில் நான் பதினைந்து வருடம் நின்றவன். மெக்கானிக் அல்லன். ஆனால் எந்தக் கார் எந்தச் சாமானைத் தின்னும் என்பது, அதை வாங்க வருபவர்களின் முகத்தைப் பார்த்தே பழகியது.

பளபளப்புக்கு ஒரு விலை

சனிக்கிழமை காலை முதலில் போனது கொழும்புக்கு வெளியே ஒரு கார் சேலுக்கு. நண்பரின் கண்ணில் பட்டது வெள்ளி நிற நிஸான் சனி. நமது நாட்டில் ‘எப்.பி. 14’ என்று சொல்வார்களே, அது. 1995 ஆம் ஆண்டுத் தயாரிப்பு. 1500 சிசி பெற்றோல் என்ஜின். சாமான் கிடைக்கும், எந்த ஊர் பாஸுக்கும் கைவந்த என்ஜின். ஆகவே தெரிவு பிழையில்லை. ஆனால் அந்தக் கார் பிழை.

மீட்டரில் 92 ஆயிரம் கிலோமீற்றர் காட்டியது. 29 வருடம் ஓடிய கார். வகுத்துப் பார்த்தால் நாளுக்கு 9 கிலோமீற்றரும் இல்லை. பள்ளிக்குப் போய்வந்த கார் என்றாலும் நம்பலாம்தான். ஆனால் பிரேக் பெடலின் இறப்பர் ஒரு பக்கம் தேய்ந்து இரும்பு தெரிந்தது. ஸ்டியரிங் வளையம் கண்ணாடி போல வழுக்கியது. மீட்டரைத் திருப்பலாம், காலும் கையும் தேய்த்ததைத் திருப்ப முடியாது.

நாங்கள் போகும்போதே பொனட் சூடாக இருந்தது. காலையில் யாரோ ஓட்டி என்ஜினைச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த என்ஜின்தான் உண்மையைச் சொல்லும். முதல் ஸ்டார்ட்டில் வரும் நீலப் புகையும், செயின் சத்தமும், தடுமாற்றமும் சூடான பிறகு மறைந்துவிடும். பின்பெட்டியின் விரிப்பைத் தூக்கினேன். புதுப் பெயின்ற். யாரும் பார்க்காத அடித்தளத்துக்கு யாரும் வீணாகப் பெயின்ற் அடிப்பதில்லை.

“கார்ல ஏதும் குறை ஈக்கா?” என்று நண்பர் கேட்டார்.

“ஒரு குறையும் இல்ல ஹாஜியார். ஏறி ஓட்டுறதுதான் வேலை” என்றார் விற்பனையாளர். எல்லாக் கேள்விக்கும் அதே பதில்தான் வந்தது.

விலை 28 இலட்சம். நண்பர் என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார். “மூணு இலட்சம்தானே மச்சான் கூட. பெருநாளோட திரும்ப வந்துடும்” என்றார். அவருடைய கடையில் யாராவது இப்படிக் கணக்குப் பேசினால் அவர் சிரித்திருப்பார். பெருநாள் சாமான் வாங்கும் காசைக் காருக்குப் போட்டுவிட்டு, அந்தச் சாமானை விற்று வரும் இலாபத்தால் அதை நிரப்பலாம் என்கிறார். சாமானே இல்லாமல் இலாபம் எங்கிருந்து வரும்? திரும்பும் காசோலைக்கு யார் பதில் சொல்வது?

நான் அதைச் சொன்னதும் அவர் முகம் சுருங்கியது. ஆனாலும் வந்து வண்டியில் ஏறினார்.

பெயர் ஒன்று, ஆள் இன்னொன்று

பகலுக்குப் பின்னர் ளுஹர் தொழுதுவிட்டு வத்தளைப் பக்கம் இரண்டாவது காரைப் பார்த்தோம். கார் பரவாயில்லை. பிழை கடதாசியில் இருந்தது. பதிவுப் புத்தகத்தில் உள்ளவர் வெளிநாட்டில். விற்பவர் அவரிடம் வாங்கியவரிடம் வாங்கியவர். கையில் இருப்பது கையொப்பமிட்ட வெற்றுப் பத்திரங்கள், நாம் ‘ஓப்பன் பேப்பர்’ என்று சொல்வது. போதாதற்கு உரிமையாளர் என்ற இடத்தில் ஒரு லீசிங் கம்பனியின் பெயரும் இருந்தது. கடன் கட்டி முடிந்துவிட்டது என்றார். அப்படியானால் கம்பனியின் விடுவிப்புக் கடிதம் எங்கே என்று கேட்டேன். எடுத்துத் தரலாம் என்றார்.

எடுத்துத் தரும்வரை அந்தக் காருக்கு விலையே கிடையாது. கடன் மீதி இருந்தால் கம்பனி வந்து காரைத் தூக்கிக்கொண்டு போகும். நாம் வாங்கியது கார் அல்ல, இன்னொருவரின் கடன் என்று அன்றுதான் தெரியவரும். வெற்றுப் பத்திரத்தில் வாகனத்தைக் கைமாற்றுவது நமது வியாபாரிகளிடையே சர்வசாதாரணம். மாற்றக் கட்டணம் மிச்சம் என்று நினைக்கிறோம். அந்த வாகனம் விபத்தில் மாட்டினால், கையொப்பமிட்டவர் கடல் கடந்து இருந்தால், மிச்சம் பிடித்ததைப் போல எத்தனை மடங்கு செலவாகும் என்பதைக் கணக்கிடுவதில்லை.

அன்றிரவு நண்பர் என் வீட்டில்தான் தங்கினார். சாப்பிடும்போதும் வெள்ளி நிறக் காரைப் பற்றியே பேசினார். “ஒரு குறையும் இல்லன்டு செல்றார்தானே” என்றார். நான் பதில் பேசவில்லை. ஸுபஹுக்குப் பின்னர் ஞாயிறு சிங்களப் பத்திரிகை வந்தது. விளம்பரங்களைப் புரட்டிக்கொண்டு போனபோது ஒன்றில் கண் நின்றது. அதே நிஸான் சனி. முதல் பதிவிலிருந்து இரண்டாவது உரிமையாளர். கடைசியில், ‘திருத்த வேலைகள் உண்டு’ என்ற இரண்டு சொல். விளம்பரத்தில் சொல்லுக்குச் சொல் காசு. காசு கொடுத்துத் தன் குறையை அச்சிடும் மனிதரைப் பார்க்கவேண்டும் போலிருந்தது.

ஒப்பிங் தாளில் ஒன்பது குறை

நிட்டம்புவையில் திரும்பி வெயாங்கொடைப் பக்கம் உள்ளே போகவேண்டியிருந்தது. விற்பவர் ஓய்வுபெற்ற சிங்களப் பாடசாலை அதிபர். நாங்கள் வருகிறோம் என்று தொலைபேசியில் சொன்னபோது, “வருமட்டும் நான் காரை ஸ்டார்ட் பண்ணமாட்டேன், நீங்களே பண்ணிப் பாருங்கள்” என்று சொல்லியிருந்தார். அப்படியே இருந்தது. பொனட் கல்லைப் போலக் குளிர்ந்திருந்தது.

தேநீர் வந்தது. அதற்குப் பின்னர் அப்பியாசக் கொப்பியிலிருந்து கிழித்த ஒரு தாளை நண்பரின் கையில் கொடுத்தார். சிங்களத்தில், பாடசாலைக் கையெழுத்தில், ஒன்று முதல் ஒன்பது வரை இலக்கமிட்டு எழுதியிருந்தார். முன் ஷொக் எப்ஸோபர் இரண்டும் போய்விட்டன. பின் டயர்கள் மாற்றவேண்டும். பிரேக் அழுத்தினால் இடப்பக்கம் இழுக்கும். ஏ.சி. குளிர் போதாது. காலையில் செயின் சத்தம் சிறிது நேரம் கேட்கும். இடது பின்கதவு 2011 இல் அடிபட்டு டிங்கரிங் செய்தது. ஒரு ஜன்னல் இறங்கினால் ஏறாது. பின்பெட்டிக்குள் மழைத் தண்ணீர் வரும். ஒன்பதாவது, ஏற்றத்தில் ஏ.சி. போட்டு ஓடினால் சூட்டு முள் மேலே போகும், ரேடியேட்டர் இரண்டு முறை கழுவியாகிவிட்டது, ஹெட் காஸ்கட்டா என்பது எனக்குத் தெரியாது.

நண்பர் என்னை வேலிப் பக்கம் அழைத்துக்கொண்டு போனார். “வா போவம்” என்றார்.

“ஏன்?”

“இவ்வளவு குறையை வாயால செல்ற மனிசன், செல்லாதது எவ்வளவு ஈக்கும் மச்சான்?”

அந்த இடத்தில் நான் சற்று நேரம் பேசாமல் நின்றேன். முந்திய நாள் குறையே இல்லை என்றவரை நம்பினார். இன்று குறையைச் சொல்பவரைக் கண்டு ஓடப் பார்க்கிறார். நமது சந்தையில் உண்மை பேசுபவர் தோற்பதற்குக் காரணம் பொய் பேசுபவர்கள் மட்டுமல்லர், வாங்கும் நாமும்தான்.

நான் அந்தத் தாளின் பின்பக்கத்தைத் திருப்பிப் பேனையை எடுத்தேன். ரேடியேட்டரும் ஹோஸ் குழாய்களும் 45 ஆயிரம். டயர் இரண்டு 44 ஆயிரம். முன் ஷொக் 38 ஆயிரம். பிரேக் 22 ஆயிரம். ஏ.சி. 55 ஆயிரம். ஹெட் காஸ்கட்டே போயிருந்தால் கூலியோடு இன்னொரு 60 ஆயிரம். கூட்டினால் 2 இலட்சத்து 64 ஆயிரம். கதவும் ஜன்னலும் மழைத் தண்ணீரும் ஓட்டத்தைத் தடுப்பவையல்ல, அவை பிறகு. இப்போது இந்தக் காரின் குறைகளுக்கு ஒரு தொகை தெரியும். வெள்ளி நிறக் காரின் குறைகளுக்கு என்ன தொகை என்று நண்பரைக் கேட்டேன். அவரிடம் பதில் இல்லை.

அதன்பின் முறையாகப் பார்த்தோம். குளிர்ந்த என்ஜினை நண்பரே ஸ்டார்ட் செய்தார். தாளில் இருந்தபடி செயின் சத்தம் கேட்டது, அரை நிமிடத்தில் நின்றது. புகையில் நீலம் இல்லை. எண்ணெய் மூடியின் அடியில் பால் போன்ற கசடு இல்லை. ஸ்டார்ட் செய்ய முன்னரே ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்திருந்தோம். என்ஜின் ஓடும்போது தண்ணீரில் தொடர்ந்து குமிழி வந்தால் ஹெட் காஸ்கட்டில் சந்தேகப்படவேண்டும். வரவில்லை. செஸி இலக்கமும் என்ஜின் இலக்கமும் பதிவுப் புத்தகத்தோடு சரியாக இருந்தன. புத்தகத்தில் அதிபரின் பெயர், கையில் அதே பெயரில் அடையாள அட்டை. வேறு எந்தக் கம்பனியின் பெயரும் இல்லை.

அவர் கேட்டது 24 இலட்சத்து 50 ஆயிரம். நான் பின்பக்கக் கணக்கை அவருக்குக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். “ஏ.சி.க்கு இவ்வளவா?” என்று மட்டும் கேட்டார். 22 இலட்சத்து 25 ஆயிரத்தில் முடிந்தது. பேரத்துக்கு எடுத்தது இருபது நிமிடம். ஒருவர் மற்றவரின் பொய்யைத் தோண்டியெடுக்கும் வேலை இல்லாவிட்டால் பேரம் சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

கொண்டுவந்த காசு போக மீதியை அவரது வங்கிக் கணக்குக்குக் கையடக்கத் தொலைபேசியாலேயே அனுப்பினோம். பற்றுச்சீட்டில் திகதியோடு நேரத்தையும் எழுதிக்கொண்டோம். அந்த நேரத்துக்கு முன்னர் நடந்ததற்கு அவர் பொறுப்பு, பின்னர் நடப்பதற்கு நண்பர் பொறுப்பு. உரிமை மாற்றத்துக்கான எம்.டி.ஏ. 6, எம்.டி.ஏ. 8 பத்திரங்கள் இரண்டையும் வெற்றிடம் வைக்காமல் அங்கேயே நிரப்பிக் கையொப்பமிட்டார்கள். காப்புறுதி முகவரை அழைத்து நண்பரின் பெயருக்குக் கவர் நோட் எடுத்த பின்னரே காரை வீதியில் இறக்கினோம்.

கடுகண்ணாவை ஏற்றத்தில்

கேகாலை வரை ராஜ ஓட்டம். நண்பர் வெள்ளி நிறக் காரை மறந்துவிட்டார். மாவனல்லையில் அஸர் தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். வெயில் இறங்காத நேரம். ஜன்னலை மூடிக்கொண்டு நண்பர் ஏ.சி.யைப் போட்டார். நானும் கவனிக்கவில்லை. பஹல கடுகண்ணாவை தாண்டி ஏற்றம் இறுகும் இடத்தில் சூட்டு முள் மெல்ல எழும்பியது. இரண்டு வளைவு போவதற்குள் சிவப்பைத் தொட்டது. ஓரமாக நிறுத்தும்போது பொனட்டின் விளிம்பால் ஆவி பறந்தது.

ஏற்றத்தில் என்ஜின் கூடுதலாக வேலை செய்கிறது. ஏ.சி. போட்டால் அதன் சுமையும் என்ஜினுக்குத்தான். அத்தோடு ஏ.சி.யின் சூட்டை வெளியே தள்ளும் கொண்டென்ஸர் ரேடியேட்டரின் முன்னால் இருப்பதால், சூடேறிய காற்றுத்தான் ரேடியேட்டருக்கு வருகிறது. ரேடியேட்டர் அரைவாசி அடைபட்டிருந்தால் இந்த மூன்றையும் தாங்காது. சமதரையில் வெளிக்காட்டாது.

நண்பர் அவசரத்தில் ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனார். கையைப் பிடித்து இழுத்தேன். கொதிக்கும் ரேடியேட்டரைத் திறந்து முகம் வெந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். முக்கால் மணித்தியாலம் பொறுத்தோம். பக்கத்துப் பழக்கடைக்காரர் ஒரு கேனைத் தந்தார், பீலியில் தண்ணீர் பிடித்து வந்து வைத்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்தோம்.

அந்நேரம் தொலைபேசி அடித்தது. அதிபர். வீடு போய்ச் சேர்ந்தோமா என்று கேட்டார். நண்பர் நடந்ததைச் சொன்னார். மறுபக்கத்தில் சற்று மௌனம். பிறகு, “ஏ.சி. போட்டீர்களா?” என்று கேட்டார். நண்பர் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து ஒன்பதாம் இலக்கத்தைப் பார்த்தார். “போட்டோம் மஹத்தயா” என்றார். இருவரும் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே சம்பவத்தை வேறு விதமாக நான் அறிவேன்.

2006 ஆம் ஆண்டு நான் ஒரு டவுன்ஏஸ் வேன் வைத்திருந்தேன். ஹெட் காஸ்கட் கசியத் தொடங்கியிருந்தது. கழற்றிச் செய்யக் காசில்லை. கடையிலிருந்த, கசிவை அடைக்கும் மருந்தொன்றை ரேடியேட்டருக்குள் ஊற்றினேன். ஒரு கிழமைக்குத் தாங்கும் என்று தெரியும். அந்தக் கிழமைக்குள் விற்றேன். வாங்கியவர் எனது மஹல்லாவைச் சேர்ந்தவர், பழ வியாபாரி. “குறை ஏதும் ஈக்கா?” என்று கேட்டார். “பார்த்து எடுங்க நானா” என்றேன். பொய் சொல்லவில்லை என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்றாவது கிழமை வேன் நடுவழியில் நின்றது, நிறையப் பழத்தோடு. நோன்பு தொடங்க ஓரிரு நாள் இருந்த நேரம். அவர் என்னிடம் சண்டைக்கு வரவில்லை. அன்றிலிருந்து ஸலாம் சொன்னால் பதில் சொல்வார், நின்று பேசமாட்டார்.

கடுகண்ணாவையில் உட்கார்ந்து இதை நண்பரிடம் சொன்னேன். பதினெட்டு வருடத்தில் முதல் முறை. அவர் ஒன்றும் பேசவில்லை. சற்று நேரத்துக்குப் பின்னர், “தண்ணி ஊத்துவமா?” என்று மட்டும் கேட்டார். என்ஜினை மெதுவாக ஓடவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றினோம். ஏ.சி.யை நிறுத்தி, ஜன்னலை இறக்கி, மெல்ல ஏறினோம். அக்குறணை போய்ச் சேர இஷாவும் முடிந்துவிட்டது. அந்த ஜன்னல் ஏறவில்லை. அதுவும் தாளில் இருந்ததுதான்.

கணக்கு

திங்கட்கிழமை கார் கராஜுக்குப் போனது. ரேடியேட்டரும் ஹோஸும் 52 ஆயிரம், டயர் 46 ஆயிரம், ஷொக் 36 ஆயிரம், பிரேக் 25 ஆயிரம், ஏ.சி. 58 ஆயிரம். மொத்தம் 2 இலட்சத்து 17 ஆயிரம். ஹெட் காஸ்கட் நன்றாகவே இருந்தது. தாளில் இல்லாத ஒரு குறையும் அகப்பட்டது. முன்பு யாரோ ஒரு பாஸ் தெர்மஸ்டாட்டைக் கழற்றி எறிந்திருந்தார். அதிபருக்கு அது தெரியாது. தெரியாத குறை வேறு, தெரிந்து மறைத்த குறை வேறு. கார் விலையோடு சேர்த்து 24 இலட்சத்து 42 ஆயிரம் ஆனது. மெயின் வீதிக் காசோலைகள் எல்லாம் குறித்த திகதியில் மாறின.

பழைய வாகனம் வாங்கும் வியாபாரிகளுக்கு இதிலிருந்து நான் சொல்வது சிலவே. பழைய காருக்கு இரண்டு விலை உண்டு. ஒன்று விற்பவருக்குக் கொடுப்பது, மற்றது கராஜுக்குக் கொடுப்பது. இரண்டையும் கூட்டி வரும் தொகைதான் உங்கள் வரவுசெலவுக்குள் அடங்கவேண்டும். சாமான் வாங்கும் காசை அதற்குள் இழுக்காதீர்கள். காலையில் குளிர்ந்த என்ஜினைப் பாருங்கள். சமதரையில் மட்டும் ஓட்டிப் பார்க்காமல் ஏற்றத்திலும் ஏ.சி. போட்டு ஓட்டுங்கள். நாங்கள் வெயாங்கொடையில் விட்ட தவறு அதுதான். பதிவுப் புத்தகத்தில் உள்ள ஆளையே நேரில் பாருங்கள். எல்லாவற்றையும் விட, குறையைச் சொல்பவரைக் கண்டு ஓடாதீர்கள். சொன்ன குறைக்கு விலை போடலாம், பேரம் பேசலாம், காசு ஒதுக்கலாம்.

விற்பவர்களுக்குச் சொல்ல இருப்பது நமக்கு மத்ரஸாவில் சொல்லித்தந்ததுதான். வாங்குபவரும் விற்பவரும் உண்மை பேசி, குறையைத் தெளிவுபடுத்தினால் அந்த வியாபாரத்தில் பரக்கத் உண்டு, மறைத்துப் பொய் பேசினால் அந்த பரக்கத் அழிந்துவிடும் என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. ஈரமான தானியத்தை அடியில் வைத்து, காய்ந்ததை மேலே வைத்திருந்த வியாபாரியை அவர்கள் கண்டித்த சம்பவத்தையும் நாம் ஜும்ஆவில் கேட்காத வருடமில்லை. வாகனத்தில் அந்த ஈரத் தானியம் பின்பெட்டி விரிப்பின் கீழே இருக்கிறது, ரேடியேட்டருக்குள் இருக்கிறது. “பார்த்து எடுங்க” என்ற வசனம் தெரிந்தே மறைத்த குறையை ஹலாலாக்கிவிடாது.

அந்த ஞாயிறுக்குப் பின் வந்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து பழ வியாபாரியின் வீட்டுக்குப் போனேன். ஹெட் காஸ்கட் வேலைக்கு அன்று அவருக்கு என்ன முடிந்தது என்று கேட்டேன். தொகையை மறக்காமல் சொன்னார், பழுதான பழத்தின் பெறுமதியையும் சேர்த்து. அதை ஓர் உறையில் போட்டு நீட்டினேன்.

“இந்தக் காசு எனக்கு அன்டைக்குத்தான் தேவைப்பட்டது” என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். சற்று நேரத்தில் உறையை வாங்கி மேசையில் வைத்தார். எண்ணிப் பார்க்கவில்லை. பிறகு உள்ளே திரும்பி, இரண்டு பிளேன்டி கொண்டுவரச் சொன்னார்.